காணாத பாறைக்குக் கணக்கு

ஓர் எண்ணெய் வயலின் இருப்பைக் கணக்கிட உட்காரும் பொறியாளர் முதலில் எழுதும் எண் பாறையின் கன அளவு. எண்ணெய் அதற்குப் பின்னால்தான் வருகிறது. நிலத்தடியில் எண்ணெய் தங்கியிருப்பது மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளின் நுண்துளைகளில். கையில் எடுத்துப் பார்த்தால் கெட்டியாகத் தெரியும் மணற்கல் துண்டில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் இருக்கலாம். அந்த வெற்றிடத்திலும் கொஞ்சம் உப்புநீர் ஒட்டிக்கொண்டிருக்கும், மீதியில்தான் எண்ணெய். எனவே பாறை எவ்வளவு, அதில் துளை எவ்வளவு, துளையில் எண்ணெய் எவ்வளவு என்று படிப்படியாக இறங்கி வர வேண்டும். இந்தப் பெருக்கலில் மற்றவை பெரும்பாலும் ஒன்றுக்குக் குறைந்த பின்னங்கள். பாறையின் கன அளவு மட்டும் கோடிக்கணக்கான கன மீட்டரில் நிற்கும். அது பத்து சதவீதம் பிசகினால் இறுதி விடையும் அப்படியே பத்து சதவீதம் பிசகும்.

பிசகுவதற்கு இடமும் நிறைய. அளக்க வேண்டிய பாறை இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதை நேரில் தொட்டவை சில கிணறுகள் மட்டுமே. அந்த ஆழத்தில் ஒரு கிணற்றின் துளை ஏறக்குறைய ஒரு சாண் அகலம்தான் இருக்கும். பல சதுர கிலோமீட்டருக்குப் பரந்த பாறையின் மற்ற பகுதி முழுவதும் அனுமானம்.

எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. உப்புநீர் நிறைந்த பாறைகளின் வழியே அது மெல்ல மெல்ல மேலேறிக்கொண்டே இருக்கும். களிப்பாறையோ உப்புப் படிவமோ குறுக்கே வந்தால் நின்றுவிடும். அந்த மூடுபாறை மேல்நோக்கி வளைந்து கவிகையாக இருந்தால், அதன் அடியில் எண்ணெய் சிக்கிக்கொள்ளும். எண்ணெய் நிறைந்த பாறைக்கு மேல் எல்லை தேக்கப் பாறையின் உச்சிப் பரப்பு. கீழ் எல்லை எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் மட்டம். பக்கவாட்டில் சில இடங்களில் பாறைப் பிளவு எல்லையாகும். சில இடங்களில் மணற்கல் மெலிந்து மெலிந்து களிப்பாறையில் கரைந்து முடிந்துபோகும். கவிகையின் விளிம்பில் மிக உயர்ந்து நிற்கும் தாழ்வாய் ஒன்று இருக்கும். எண்ணெய் அந்த மட்டம் வரைதான் நிரம்ப முடியும்; அதற்கு மேல் வந்தால் வழிந்து அடுத்த கவிகைக்குப் போய்விடும். அந்த வழிவாய் மட்டத்துக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட உயரம்தான் அந்தக் கவிகை தாங்கக்கூடிய எண்ணெய்ப் பத்தியின் உச்சவரம்பு.

தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் இந்தக் கணக்கின் தலைகீழ் வடிவம் பழக்கமானது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டால் இருப்பு 93.47 டி.எம்.சி. மட்டம் 100 அடிக்கு இறங்கினால் இருப்பு சுமார் 65 டி.எம்.சி. உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது. தண்ணீரில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விட்டது. பள்ளத்தாக்கு மேலே போகப் போக அகலமாவதால் வரும் வித்தியாசம் இது. நீர்வளத்துறைப் பொறியாளர்கள் பள்ளத்தாக்கின் சம உயரக் கோடுகளை வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்குள் அடங்கும் பரப்பையும் அளந்து, அடுக்கடுக்காகக் கூட்டித்தான் அணையின் கொள்ளளவு அட்டவணையைத் தயாரிக்கிறார்கள். எண்ணெய்க் கவிகை கவிழ்த்து வைத்த அணை. அகலம் கீழே இருக்கிறது. தண்ணீர் மட்டமும் கீழேதான். ஆகவே இங்கே ஒரு மீட்டர் தவறின் விலை அடிவிளிம்பில்தான் மிக அதிகம். பாறைக் கன அளவுக் கணக்கின் பெரும்பாலான தலைவலிகள் இந்த ஒரு வடிவியல் உண்மையிலிருந்து கிளம்புகின்றன.

கணக்கு முறை எளியது. தேக்கப் பாறையின் உச்சிப் பரப்புக்கு ஆழ வரைபடம் ஒன்று வரையப்படும். கடல் மட்டத்திலிருந்து ஒரே ஆழத்தில் உள்ள புள்ளிகளை இணைத்தால் சம ஆழக் கோடுகள் கிடைக்கும். ஒவ்வொரு கோடும் வளைத்துக்கொள்ளும் பரப்பளவை அளக்க வேண்டும். கணினி வருவதற்கு முன் இதற்குப் பயன்பட்டது பிளானிமீட்டர் என்ற கைக்கருவி. சுவிட்சர்லாந்தின் யாக்கோப் அம்ஸ்லர் 1854-இல் உருவாக்கிய வகை அது: இரண்டு கைகள், ஒரு முள், ஒரு சிறு சக்கரம். முள்ளை வரைபடக் கோட்டின் மீது ஒரு சுற்று நகர்த்திக் கொண்டுவந்து தொடங்கிய இடத்தில் நிறுத்தினால், சக்கரம் சுழன்ற அளவு பரப்பளவைச் சொல்லிவிடும். கை நடுங்கினால் கணக்கும் நடுங்கும் என்பதால் ஒரே கோட்டை இரண்டு, மூன்று முறை சுற்றிச் சராசரி எடுப்பது வழக்கம்.

விளக்கத்துக்காக ஒரு கவிகையை எடுத்துக்கொள்ளலாம். அதன் உச்சி 2000 மீட்டர் ஆழத்தில். எண்ணெய்-நீர் மட்டம் 2100 மீட்டரில். 20 மீட்டருக்கு ஒரு கோடாக வரைந்ததில், 2020 மீட்டர்க் கோட்டுக்குள் 1 சதுர கிலோமீட்டர், 2040-இல் 3, 2060-இல் 6, 2080-இல் 10, 2100-இல் 15 சதுர கிலோமீட்டர் பரப்பு அடங்குகிறது. அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட பாறை ஒரு பலகை. அதன் மேல், கீழ்ப் பரப்புகளின் சராசரியை 20 மீட்டர் உயரத்தால் பெருக்குவது சரிவக விதி. ஆனால் உச்சிக்கு அருகில் பரப்பு வேகமாகச் சுருங்குவதால் இந்த விதி சற்று அதிகமாகக் காட்டிவிடும். அங்கே பத்தாம் வகுப்பில் படித்த கூம்பின் இடைக்கண்டம் கைகொடுக்கிறது: இரு பரப்புகளையும், அவற்றின் பெருக்கலின் வர்க்கமூலத்தையும் கூட்டி, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். மேல்பரப்பு கீழ்ப்பரப்பில் பாதியோ அதற்குக் குறைவோ என்றால் இடைக்கண்ட விதி, பாதிக்கு மேல் என்றால் சரிவக விதி என்பது தொழிலில் உள்ளவர்களின் வழக்கம்.

அப்படிப் போட்டால் மேலிருந்து கீழாக ஐந்து பலகைகளும் முறையே 0.67, 3.82, 8.83, 16, 25 கோடி கன மீட்டர். கூட்டுத்தொகை சுமார் 54.3 கோடி. கடைசி இருபது மீட்டரில் மட்டும் மொத்தத்தில் 46 சதவீதம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்கலாம். ஐந்து பலகைகளுக்கும் சரிவக விதியையே போட்டிருந்தாலும் விடை 55 கோடிதான் வந்திருக்கும். வித்தியாசம் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. பாடநூல்கள் பக்கம் பக்கமாக அலசும் சூத்திரத் தேர்வு, நடைமுறையில் இவ்வளவு சிறிய விஷயம்.

இந்த 54.3 கோடி கன மீட்டரும் எண்ணெய்ப் பாறை அல்ல. தேக்கப் பாறைக்கு அடிப்பரப்பு ஒன்று உண்டு. அதற்குக் கீழே வேறு பாறை. மேற்சொன்ன கவிகையில் மணற்கல்லின் தடிமன் எங்கும் 40 மீட்டர் என்றால், அதன் அடிப்பரப்பும் அதே வடிவத்தில் 40 மீட்டர் கீழே வளைந்து நிற்கும். அடிப்பரப்பின் உச்சி 2040 மீட்டரில். அதற்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள 13.3 கோடி கன மீட்டரைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 41 கோடி.

இதையே அவசரக் கணக்காக, 15 சதுர கிலோமீட்டரை 40 மீட்டரால் பெருக்கினால் 60 கோடி வரும். உண்மையைவிட ஏறக்குறைய பாதி அதிகம்! காரணம் விளிம்பு. கவிகையின் நடுவில்தான் 40 மீட்டர் முழுத் தடிமனும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. ஓரத்துக்குப் போகப் போக மணற்கல்லின் அடிப்பகுதி தண்ணீரில் முங்குகிறது. மேல்பகுதி மட்டும் எண்ணெயில் நிற்கிறது. கடைசியில் ஆப்புபோலக் கூராகி முடிகிறது. இந்த ஆப்பு வளையத்தை மறந்துவிட்டு, 'பரப்பு பெருக்கல் தடிமன்' என்று போடப்பட்ட அறிக்கைகள் முதலீட்டாளர்களைக் கவரும் அளவுக்கு அழகாக இருக்கும்.

தடிமனிலும் ஒரு சிக்கல் உண்டு. பாறை அடுக்கு சாய்ந்திருந்தால், அடுக்குக்குச் செங்குத்தாக அளந்த உண்மைத் தடிமனும், நிலத்துக்கு நேர்க்கீழாக அளந்த தடிமனும் ஒன்றாக இராது. கன அளவுக் கணக்குக்கு வேண்டியது நேர்க்கீழ்த் தடிமன். பத்து டிகிரிச் சாய்வில் வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான், விட்டுவிடலாம். முப்பது டிகிரியில் அது பதினைந்து சதவீதத்தைத் தாண்டும். கடல் மேடைகளிலிருந்து தோண்டப்படும் கிணறுகள் பெரும்பாலும் சாய்வாகவே இறங்குகின்றன என்பதால், கிணற்றின் வழியே அளந்த நீளம் மூன்றாவது ஓர் எண்ணாக வந்து குழப்பும்.

இன்று பிளானிமீட்டர் காட்சிப் பொருளாகிவிட்டது. கணினி, வயல் முழுவதையும் சில பத்து மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் அளவு உயரமும் கொண்ட லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, நீர்மட்டத்துக்கு மேலே உள்ள கட்டங்களின் கன அளவைக் கூட்டிவிடுகிறது. பத்து இலக்கத் துல்லியத்தோடு விடை வரும். ஆனால் கூட்டப்படும் கட்டங்களின் உச்சி எங்கே, அடி எங்கே என்பது எப்படித் தெரிந்தது?

பெரும்பாலும் அதிர்வலை ஆய்விலிருந்து. நிலத்தில் ஆழமற்ற துளைகளில் சிறு வெடி வைத்தோ, கனரக வண்டிகளால் தரையை அதிரச் செய்தோ, கடலில் காற்றுத் துப்பாக்கிகளைச் சுட்டோ ஒலியலை கீழே அனுப்பப்படும். பாறை மாறும் எல்லைகளில் அது எதிரொலித்து மேலே வரும். கருவி பதிவு செய்வது நேரத்தை, ஆழத்தை அல்ல. போய்வர 1.6 விநாடி ஆயிற்று. பாறைகளில் ஒலியின் சராசரி வேகம் விநாடிக்கு 2500 மீட்டர். எனவே ஆழம் 2000 மீட்டர். இந்த வேகம் ஒரு சதவீதம் பிசகினால் ஆழம் 20 மீட்டர் பிசகும். உச்சியில் ஒரு கிணறு தோண்டிவிட்டால் அந்த இடத்தில் ஆழம் சரியாகத் தெரிந்துவிடும். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, சரிவில், மேலிருக்கும் பாறைகள் சற்று மாறியிருந்தால் வேகமும் மாறியிருக்கும். வரைபடத்தில் சரிவு செங்குத்தாகும், அல்லது தட்டையாகும். கன அளவில் பெரும்பங்கு அந்தச் சரிவுகளில்தான் இருக்கிறது.

நார்வேயின் எக்கோபிஸ்க் வயல் இதற்குத் தெரிந்த உதாரணம். 1969-இல் வட கடலில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் பெரும் வயலின் தேக்கப் பாறை சாக்கட்டி வகைச் சுண்ணாம்புக்கல். கவிகையின் உச்சிக்கு மேலிருக்கும் களிப்பாறைகளில் எரிவாயு கசிந்து பரவியிருக்கிறது. எரிவாயு கலந்த பாறையில் ஒலி மெதுவாகச் செல்லும், பெருமளவு சிதறவும் செய்யும். ஆகவே வயலின் உச்சிப் பகுதி அதிர்வலைப் படத்தில் கலங்கி, தொய்ந்து தெரிந்தது. எண்ணெய் மிகுந்த நடுப்பகுதியே படத்தில் சரியாகத் தெரியாத நிலை. அங்கே வரைபடத்தைக் கிணறுகளை நம்பித்தான் வரைய முடிந்தது.

அதிர்வலையின் பார்வைக்கு ஒரு வரம்பும் உண்டு. விநாடிக்கு 30 அதிர்வுகள், வேகம் 3000 மீட்டர் என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால்பங்கான 25 மீட்டருக்குக் குறைந்த தடிமனுள்ள அடுக்கின் உச்சியையும் அடியையும் தனித்தனியாகப் பிரித்துக் காண்பது கடினம். காவிரிப் படுகை உட்படப் பல இடங்களில் எண்ணெய் தரும் மணற்கல் அடுக்குகள் இதைவிட மெல்லியவை. அங்கே தடிமன் கிணற்றிலிருந்து கிணற்றுக்கு இடையிட்டு வரையப்படுகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரீக் தொடங்கி வைத்து, பிரான்சின் ஜார்ஜ் மாத்தெரோன் கணிதமாக்கிய இடைக்கணிப்பு முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அருகிலுள்ள கிணறு அதிகம் பேசும், தொலைவிலுள்ளது குறைவாகப் பேசும். எவ்வளவு தொலைவு வரை பேசும் என்பதையும் தரவிலிருந்தே எடுக்கப் பார்க்கும் முறை அது.

உச்சிப் பரப்பு இப்படி என்றால், நீர்மட்டம் இன்னும் சுவாரசியமானது. கிணற்றில் மின்தடை அளக்கும் கருவியை இறக்கினால், உப்புநீர் நிறைந்த பாறை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். எண்ணெய் நிறைந்த பாறை தடுக்கும். 1927-இல் பிரான்சின் பெஷல்புரோன் எண்ணெய் வயலில் ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் குழு முதல் மின் பதிவை எடுத்தது முதல், கிணற்றுப் பொறியாளர்களின் அடிப்படை ஆயுதம் இது. பதிவில் வளைகோடு சட்டென்று சரியும் ஆழம்தான் எண்ணெய்-நீர் மட்டம், கிணறு அந்த மட்டத்தை வெட்டிச் சென்றிருந்தால்.

வெட்டாமலும் போகலாம். உச்சியில் தோண்டிய கிணறு 40 மீட்டர் மணற்கல் முழுவதிலும் எண்ணெயையே கண்டு, அடியிலுள்ள களிப்பாறைக்குள் இறங்கிவிட்டால், எண்ணெய் குறைந்தது அவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. உண்மை மட்டம் அதற்குக் கீழே, வழிவாய் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மேற்சொன்ன உதாரணக் கவிகையில் மட்டத்தைப் பத்து மீட்டர் கீழே தள்ளிப் பார்த்தால், சுமார் 9.5 கோடி கன மீட்டர் கூடுகிறது. அதாவது 23 சதவீதம். இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் பத்து மீட்டர் என்பது அரை சதவீதம்தான். ஆழத்தில் அரை சதவீதம், எண்ணெயில் கிட்டத்தட்ட கால்பங்கு. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைய விதிகள், உறுதி செய்யப்பட்ட இருப்பு என்று கணக்குக் காட்டும்போது, எண்ணெய் நேரில் காணப்பட்ட மிகத் தாழ்ந்த ஆழத்தோடு பொதுவாக நிறுத்திக்கொள்ளச் சொல்வதன் நியாயம் இதில் விளங்கும். அதற்குக் கீழே போக வேண்டுமானால் நம்பகமான வேறு சான்று காட்ட வேண்டும்.

அப்படியொரு சான்று அழுத்தம். எண்ணெய்ப் பத்தியில் ஆழம் கூடக் கூட அழுத்தம் மெதுவாக ஏறும். எண்ணெயைவிடக் கனமான உப்புநீரில் வேகமாக ஏறும். ஒரு கிணற்றில் எண்ணெய்ப் பகுதியில் சில ஆழங்களிலும், இன்னொரு கிணற்றில் நீர்ப் பகுதியில் சில ஆழங்களிலும் அழுத்தத்தை அளந்து வரைபடத்தாளில் குறித்தால் இரண்டு நேர்கோடுகள் கிடைக்கும். அவற்றை நீட்டி வெட்டும் புள்ளி எதுவோ அதுவே நீர்மட்டத்தின் ஆழம். எந்தக் கிணறும் தொடாத மட்டத்தை இப்படிக் கண்டுபிடிக்க முடிவது இந்தத் துறையின் நேர்த்தியான யுத்திகளில் ஒன்று. இரண்டு கிணறுகளும் ஒரே நீர்ப் பரப்போடு தொடர்புள்ளவை என்ற அனுமானம் மட்டும் அதன் அடியில் ஒளிந்திருக்கிறது. இடையில் ஒரு பிளவு அடைத்துக்கொண்டிருந்தால் கோடுகள் அழகாக வெட்டிக்கொண்டு பொய் சொல்லும். மட்டம் எப்போதும் கிடைமட்டமாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நிலத்தடி நீர் ஒரு பக்கமாக ஓடினால் எண்ணெயின் அடிமட்டம் சாய்ந்துவிடும் என்பதை கிங் ஹப்பர்ட் 1953-இல் விரிவாக எழுதிக் காட்டினார்.

பாறையின் கன அளவு கிடைத்த பிறகு மீதிக் கணக்கு விரைவாக ஓடும். 41 கோடி கன மீட்டரில் இடையிடையே களிமண் படலங்கள் இருக்கும்; பயனுள்ள மணற்கல் 70 சதவீதம் எனக் கொண்டால் 28.7 கோடி. அதில் நுண்துளை 22 சதவீதம்: 6.3 கோடி. துளைகளில் 30 சதவீதம் உப்புநீர், மீதி எண்ணெய்: 4.4 கோடி. ஆழத்தில் எண்ணெய்க்குள் எரிவாயு கரைந்திருப்பதால் அது உப்பியிருக்கும். மேலே வந்து வாயு பிரிந்ததும் சுருங்கும். சுருக்கத்துக்காக 1.3-ஆல் வகுத்தால் 3.4 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 21 கோடி பேரல். பாறையில் எட்டு சதவீதம்தான் எண்ணெயாக நின்றது. அதிலும் மூன்றில் ஒரு பங்கு அளவே வெளியே எடுக்க முடிவது சாதாரணம். அமெரிக்கர்கள் இதே கணக்கை ஏக்கர்-அடியில் போடுவார்கள்: ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி உயரப் பாறை முழுவதும் வெற்றிடமாக இருந்தால் 7758 பேரல் கொள்ளும். எண்ணெய்ப் பொறியியல் படித்த எவரும் அந்த எண்ணைத் தூக்கத்திலும் சொல்வார்.

இத்தனை ஐயங்களுக்குப் பிறகு 21 கோடி என்று ஒற்றை எண்ணை எழுதுவது நேர்மையாகாது. அதனால் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு வீச்சு தரப்படுகிறது: நீர்மட்டம் இத்தனை மீட்டரிலிருந்து இத்தனை வரை, நுண்துளை இத்தனை சதவீதத்திலிருந்து இத்தனை வரை என்று. கணினி அந்த வீச்சுகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு மதிப்புகளைப் பொறுக்கி, பல்லாயிரம் முறை கணக்கைப் போடும். மான்டே கார்லோ முறை என்று பெயர். வரும் விடைகளை வரிசைப்படுத்தினால், குறைந்தது இவ்வளவாவது இருக்க 90 சதவீத வாய்ப்பு, இவ்வளவு இருக்க 50 சதவீத வாய்ப்பு, இவ்வளவு இருக்க 10 சதவீத வாய்ப்பு என்று மூன்று எண்கள் கிடைக்கும். பெட்ரோலியப் பொறியாளர் சங்கமும் பிற அமைப்புகளும் சேர்ந்து 2007-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய வகைப்பாட்டு முறை இந்த மூன்றையும் உலகப் பொதுமொழியாக்கிவிட்டது. ஒன்றிரண்டு கிணறுகளே உள்ள இளம் வயலில், இந்த வீச்சின் பெரும்பகுதிக்குக் காரணம் நுண்துளையோ எண்ணெய்ச் செறிவோ அல்ல, பாறையின் கன அளவுதான் என்பது பொதுவான அனுபவம்.

யோஹான் ஸ்வெர்ட்ருப் வயலின் கதை அந்த வீச்சு எவ்வளவு பெரிதாகலாம் என்பதைக் காட்டுகிறது. நார்வேயின் வட கடல் பகுதியில் 2010-இல் தோண்டிய கிணறு ஒன்று, கடலடியில் ஏறக்குறைய 1900 மீட்டர் ஆழத்தில் எண்ணெயைக் கண்டது. எடுக்கக்கூடியது 10 கோடி முதல் 40 கோடி பேரல் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பக்கத்து உரிமத்தில் வேறொரு நிறுவனம் தோண்டிய கிணற்றிலும் எண்ணெய். இரண்டும் ஒரே வயல் என்று தெரிந்தது. அமைப்பு தட்டையானது, சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரந்தது. தட்டையான கவிகையில் ஆழம் சில மீட்டர் மாறினாலும் விளிம்பு பல நூறு மீட்டர் நகரும். ஆகவே எல்லையைப் பிடிப்பதற்காகக் கிணறு மேல் கிணறாகத் தோண்ட வேண்டியிருந்தது. 2019-இல் உற்பத்தி தொடங்கியபோது எடுக்கக்கூடிய இருப்பு 270 கோடி பேரல் என்று மதிப்பிடப்பட்டிருந்தது.

வயல் இரு நாடுகளின் எல்லையில் படுத்திருந்தால் பாறைக் கணக்கு வெளியுறவு விவகாரம் ஆகும். பிரிட்டனுக்கும் நார்வேக்கும் இடையே பிரிக் எரிவாயு வயல் 1976 ஒப்பந்தப்படி நார்வேக்கு 60.82 சதவீதம், பிரிட்டனுக்கு 39.18 சதவீதம் எனப் பிரிக்கப்பட்டது. 1974-இல் கண்டுபிடித்த ஸ்டாட்பியோர்ட் வயலில் பங்கு ஒரே தடவையில் முடிவாகவில்லை. கிணறுகள் கூடக் கூட வரைபடம் மாறியது. மாறும்போதெல்லாம் பங்கும் மறுபடி கணக்கிடப்பட்டது. கடைசியில் நார்வேக்கு 85.47, பிரிட்டனுக்கு 14.53 என்று நின்றது. இத்தகைய மறுகணக்கீடுகளில் ஒரு நிறுவனத்தின் நிலவியலாளர் பிளவுக் கோட்டைச் சற்றுக் கிழக்கே வரைவார், எதிர்த் தரப்பு நிலவியலாளர் சற்று மேற்கே வரைவார். இருவர் கையிலும் இருப்பது ஒரே அதிர்வலைப் படம்!

அடுக்கடுக்கான பாறையில் இவ்வளவு பாடு என்றால், அடுக்கே இல்லாத பாறையில்? காவிரிப் படுகையில் நரிமணம், கமலாபுரம், கோவில்களப்பால் போன்ற வயல்களில் எண்ணெய் வருவது வண்டல் பாறைகளிலிருந்து. ஆனால் மாதானம் பகுதியில் வண்டல்களுக்கு அடியிலுள்ள கடினமான அடித்தளப் பாறையிலேயே எண்ணெயும் வாயுவும் கண்டறியப்பட்டன. அந்தப் பாறைக்கு மணிகளுக்கிடையே துளை கிடையாது. எண்ணெய் தங்குவது விரிசல்களில். வியட்நாமின் பாக் ஹோ வயலில் 1988-இல் கிரானைட் அடித்தளத்திலிருந்து எண்ணெய் பெருகி வந்தபோது இந்த வகைத் தேக்கங்களை உலகம் மதிக்கத் தொடங்கியது. இங்கே விரிசல்களின் வெற்றிடம் பாறையில் ஓரிரு சதவீதம்கூட இராது. ஆகவே பிரம்மாண்டமான கன அளவை மிகச் சிறிய பின்னத்தால் பெருக்க வேண்டும். பாறைக்கு உச்சிப் பரப்பு தெளிவாக உண்டு, அடிப்பரப்பு என்று ஒன்று கிடையாது. விரிசல்கள் எவ்வளவு ஆழம் வரை திறந்திருக்கின்றன என்பதைப் பொறியாளர்தான் முடிவு செய்தாக வேண்டும்.

வரைபடக் கணக்கைச் சோதிக்க உற்பத்தி தொடங்கும் வரை வழியில்லை. தொடங்கிய பின் ஒரு வழி திறக்கிறது. ரால்ப் ஷில்தூயிஸ் 1936-இல் வகுத்த பொருட்சமநிலைச் சமன்பாடு, எவ்வளவு எண்ணெய் எடுத்தபோது தேக்கத்தின் அழுத்தம் எவ்வளவு விழுந்தது என்பதை மட்டும் வைத்து மொத்த இருப்பைச் சொல்லும். வரைபடமும் வேண்டாம், நீர்மட்டமும் வேண்டாம். பெரிய தேக்கத்தில் அழுத்தம் மெதுவாக விழும், சிறியதில் வேகமாக விழும். பாறை தன் பங்குக்கு நசுங்கிக்கொடுப்பதையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்; பெரும்பாலும் அது அற்பம். எக்கோபிஸ்கில் அற்பமாக இல்லை. எண்ணெய் வெளியேற வெளியேற மிருதுவான அந்தச் சுண்ணாம்புக்கல் அமுங்கி, கடல்தரை கீழிறங்கியது 1984-இல் தெரியவந்தது. 1987-இல் மேடைகளின் எஃகுக் கால்களை வெட்டி, ஆறு மீட்டர் உயர்த்திப் பொருத்த வேண்டியதாயிற்று. அளந்து வைத்த பாறையின் கன அளவே குறைந்துகொண்டிருந்த வயல் அது.

வரைபடம் சொல்லும் இருப்பும் அழுத்தம் சொல்லும் இருப்பும் பல வயல்களில் ஒத்துப்போவதில்லை. அழுத்தக் கணக்கு சிறியதாக வந்தால், வரைபடம் தவறு என்று உடனே சொல்லிவிட முடியாது. அழுத்தம் அளப்பது கிணறுகளோடு தொடர்புள்ள எண்ணெயை மட்டும். வரைபடம் அளப்பது இருக்கும் பாறை முழுவதையும். அடைத்துக்கொண்ட ஒரு பிளவுக்கு அப்பால் எண்ணெய் தொடப்படாமல் நிற்கலாம், அல்லது அங்கே பாறையே இல்லாமல் இருக்கலாம். எது என்று முடிவு செய்ய, பிளவுக்கு அப்பால் இன்னொரு கிணறு தோண்டுகிறார்கள். அது காட்டும் ஆழத்தை வைத்துச் சம ஆழக் கோடுகளை அழித்து, திரும்ப வரைகிறார்கள்.